வாசல்ல எத்தனை படி?

போன வருஷம் ஒரு சனிக்கிழமை ராத்திரி கலிஃபோர்னியால ஃப்ரீமான்ட்ல தெரிஞ்சவங்க வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தோம். எட்டுப் பத்து குடும்பம், ஆளுக்கு ஒரு பாத்திரம் கொண்டு வந்திருந்தாங்க, பிள்ளைங்க மாடில ஓடிட்டு இருந்துச்சுங்க. ஒருத்தர் பையனை ஸ்கூல்ல ஏஞ்சல் ஐலண்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்கன்னு பேச்சு வந்துச்சு. சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவுல ஒரு தீவு இருக்கே, 1910-லேர்ந்து 1940 வரைக்கும் கப்பல்ல வந்தவங்களைப் பிடிச்சு வெச்சு விசாரிச்ச குடியேற்ற நிலையம், இப்ப மியூசியம், அதுதான். எனக்கு ரொம்பப் பழக்கமான ஒரு அக்கா, நல்ல மனுஷி, தட்டுல சாதம் போட்டுக்கிட்டே சொன்னாங்க: "அங்க இருந்தவங்க பாதிப் பேரு பொய்ப் பேப்பர்ல வந்தவங்கதானே, அதுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய மியூசியம், நாமல்லாம் வரிசைல நின்னு சட்டப்படி வந்தவங்க." நான் தலையாட்டினேன். சும்மா மரியாதைக்கு ஆட்டல, மனசார ஆட்டினேன். கிரீன் கார்டு கியூல 11 வருஷமா நிக்கிறவ நான், யார் முறை வரைக்கும் வந்திருக்குன்னு அரசாங்கம் மாசாமாசம் போடுற விசா புல்லட்டின்ல தேதி நகர்ந்துச்சான்னு பாக்குறவ, குறுக்கு வழில வந்தவங்கன்னு யாரைப் பத்திக் கேட்டாலும் உள்ள ஒரு எரிச்சல் வரும்.

ஆனா வீட்டுக்கு வந்தப்புறம் அந்தத் தலையாட்டல் என்னை விடல. ஏன்னு தெரியல. அக்கா சொன்னதுல தப்பான தகவல் பெருசா ஒண்ணும் இல்ல, நெஜமாவே அங்க வந்த சீனாக்காரங்கள்ல நிறைய பேர் இன்னொருத்தர் பேர்ல, இன்னொருத்தர் பிள்ளைன்னு சொல்லித்தான் வந்தாங்க, "பேப்பர் பிள்ளைங்க"ன்னே அவங்களுக்குப் பேரு. அது தெரிஞ்சுதான் தலையாட்டினேன். அப்புறம் ஏன் உறுத்துதுன்னு ரெண்டு மூணு வாரம் கடந்துச்சு. அந்தச் சமயம் பாத்து அப்பா அம்மா ஊர்லேர்ந்து வந்திருந்தாங்க. அம்மாவுக்கு முழங்கால் வலி, பேத்தியோட வீட்டுல இருந்துட்டாங்க, நானும் அப்பாவும் மட்டும் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல பார்ட் ட்ரெயின் பிடிச்சு எம்பார்க்கடேரோல இறங்கி ஃபெர்ரில ஏறினோம்.

தண்ணிக்கு அந்தப் பக்கம்

அப்பாவுக்கு 74 வயசு. மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்துல தலைமை ஆசிரியரா இருந்து ரிட்டயர்டு ஆனவரு. ஃபெர்ரில மேல் தட்டுல நின்னுட்டு, காத்துக்கு மஃப்ளரைச் சுத்திக்கிட்டு, அல்காட்ராஸ் சிறையைப் பாத்தாரு, பின்னாடி ஊரோட உயரமான கட்டடங்களைப் பாத்தாரு. "இவ்வளவு கிட்டவா இருக்கு ஊரு"ன்னாரு. அதுதான் அந்த இடத்தோட கொடுமை. முதல் வகுப்புல வந்தவங்களைக் கப்பல்லயே பாத்து நேரா ஊருக்குள்ள இறக்கி விட்டுட்டாங்க, மத்தவங்களைச் சின்ன போட்ல ஏத்தி இந்தத் தீவுக்கு அனுப்பினாங்க. அதுக்கு முன்னாடி துறைமுகத்துல ஒரு கப்பல் கம்பெனியோட மரக் கொட்டகைலதான் அடைச்சு வெச்சிருந்தாங்க, அங்க நெருக்கடி, சுகாதாரம் மோசம், வெளிய இருக்குற சொந்தக்காரங்களோட பேசிக்கிறாங்கன்னு வேற சந்தேகம், அதனால யாரும் எட்ட முடியாத தீவுக்கு மாத்தினாங்க. 1910 ஜனவரி 21-ஆம் தேதி திறந்தாங்க. 30 வருஷத்துல 80 நாட்டுலேர்ந்து சுமார் 5 லட்சம் பேர் அந்த நிலையம் வழியா போயிருக்காங்க.

இதை "மேற்கின் எல்லிஸ் ஐலண்ட்"னு சொல்ற வழக்கம் உண்டு. எனக்கு அந்தப் பேரு பிடிக்கல, முன்னாடியும் பிடிக்காது, போய்ட்டு வந்தப்புறம் சுத்தமா பிடிக்கல. நியூயார்க் பக்கம் எல்லிஸ் ஐலண்ட்ல இறங்கின ஐரோப்பாக்காரங்கள்ல பெரும்பாலானவங்க சில மணி நேரத்துல வெளிய போய்ட்டாங்க, அங்க உள்ள விடுறதுக்காகச் சோதிச்சாங்க. இங்க விடக்கூடாதுன்னு சோதிச்சாங்க. 1882-லயே சட்டம் போட்டாச்சு, சீனத் தொழிலாளி யாரும் உள்ள வரக்கூடாது, வியாபாரி, மாணவர், அரசுத் தூதர், இல்ல இங்கயே பொறந்த குடிமகன், அவனோட பிள்ளை, இப்படி ஆளு மட்டும் வரலாம். ஒரு இனத்தோட பேரைச் சொல்லி அமெரிக்கா கதவைச் சாத்தினது அதுதான் முதல் தடவை.

ஃபெர்ரி அயாலா கோவ்ல விட்டுச்சு. அங்கேர்ந்து மேல ஏறி, தீவைச் சுத்திப் போற ரோட்டுல ஒரு மைலுக்கு மேல நடக்கணும். யூகலிப்டஸ் மரம், மூடுபனி, ரோட்டோரமா ரெண்டு மான் நின்னுட்டு இருந்துச்சு. அப்பா மெதுவா நடந்தாரு. கீழ சைனா கோவ் தெரிஞ்சதும் நின்னாரு. சின்ன கடற்கரை, தண்ணியோரமா ஒரு மணி, மேல ரெண்டு மாடி மரக் கட்டடம். தங்க வெச்ச பாரக்ஸ் அதுதான். முன்னாடி இருந்த பெரிய நிர்வாகக் கட்டடம் 1940 ஆகஸ்ட்ல தீப்பிடிச்சு எரிஞ்சு போச்சு, அதோடதான் அந்த நிலையத்தையே மூடினாங்க. பொம்பளைங்களைத் தங்க வெச்சிருந்தது அந்த எரிஞ்ச கட்டடத்துல. ஆம்பளைங்க பக்கத்துச் சுவரு இன்னிக்கும் பேசுது, பொம்பளைங்க பக்கத்துச் சுவரு சாம்பலாப் போச்சு. புருஷன் பொண்டாட்டியாவே இருந்தாலும் தனித்தனியாத்தான் வெச்சாங்க, விசாரணை முடியுற வரைக்கும் ஒருத்தரை ஒருத்தர் பாக்க விடல.

சுவரு

உள்ள போனா முதல்ல கட்டிலுங்கதான் தெரியும், இரும்புக் கம்பில மூணு அடுக்கா தொங்குது, ரெண்டு வரிசைக்கு நடுவுல ஒரு ஆள் ஒருக்களிச்சுப் போற இடம். சுவர் ஃபுல்லா பெயின்ட் அடிச்ச பலகை. நேரா நின்னு பாத்தா ஒண்ணும் தெரியாது, பழைய பலகைல இருக்குற மேடு பள்ளம் மாதிரிதான் இருக்கும். காட்டினவங்க ஒரு டார்ச்சை எடுத்து சுவத்தோட ஒட்டி, பக்கவாட்டுல வெளிச்சம் அடிச்சாங்க. அப்பதான் எழுத்து எழுந்து வந்துச்சு. மேலேர்ந்து கீழ, வரிசை வரிசையா, ஒரு விரல் அளவு எழுத்துங்க, ஒவ்வொண்ணும் கத்தியால செதுக்கினது.

கவிதைங்க. பழைய சீனாவோட தாங் அரச காலத்துக் கவிதை இலக்கணப்படி, வரிக்கு 5 எழுத்து இல்ல 7 எழுத்து, நாலு வரி இல்ல எட்டு வரி. எழுதினவங்க பெரும்பாலும் தெற்குச் சீனாவுல குவாங்டாங் பக்கத்து கிராமத்துப் பசங்க, கொஞ்சம்தான் படிச்சவங்க. முதல்ல மைல எழுதி அப்புறம் அதுமேல செதுக்கியிருக்காங்க. அந்தக் கட்டடத்தை "மர வீடு"ன்னுதான் எழுதியிருக்காங்க. ஊரு ஞாபகம், கடன் வாங்கி வந்த கவலை, எத்தனை நாள் இப்படின்னு கோவம். பேர் போட்டு எழுதினது ரொம்பக் கம்மி, பேர் போட்டா விசாரணைல வம்பு. 200-க்கு மேல கவிதை இதுவரைக்கும் கண்டுபிடிச்சிருக்காங்க, அது தவிர ஜப்பானிய, ரஷ்ய, பஞ்சாபி எழுத்துங்களும் சுவத்துல உண்டு.

அப்பா அந்த எழுத்துக்குக் கிட்ட போயி, தொடக்கூடாதுன்னு கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு, ரொம்ப நேரம் பாத்தாரு. 36 வருஷம் பிள்ளைங்க கையெழுத்தைத் திருத்தினவரு. "பாஷை தெரியல, ஆனா இது அவசரத்துல எழுதினது இல்லம்மா, ஒவ்வொரு கோடும் ஒரே ஆழம், நிதானமா உக்காந்து எழுதியிருக்கான்"னாரு. அவனுக்கு நேரம் நிறைய இருந்துச்சுப்பான்னு சொன்னேன். வாரக்கணக்குல, மாசக்கணக்குல இருந்தவங்க உண்டு. அதிகமா இருந்தவரு 756 நாள் இருந்தாரு.

சுவத்துல எழுதினதைப் பாத்த அதிகாரிங்க, கிறுக்கலா நினைச்சு, செதுக்கின பள்ளத்துல மக்கு வெச்சு அடைச்சு மேல பெயின்ட் அடிக்கச் சொன்னாங்க. பசங்க மறுபடி செதுக்கினாங்க. மறுபடி மக்கு, மறுபடி பெயின்ட். வருஷம் போகப் போக மக்கு சுருங்கி உள்வாங்கிடுச்சு, எழுத்தோட வடிவம் மேல வந்துருச்சு. காத்தும் ஈரமும் மரத்தைத் தின்னாம காப்பாத்தினதும் அந்த மக்கும் பெயின்ட்டும்தான்.

அஞ்சு, நாலு, மூணு

இப்ப நான் சொல்ல வந்த இடத்துக்கு வர்றேன். விசாரணைல கேட்ட கேள்விங்களை அங்க எழுதி வெச்சிருக்காங்க. ரெண்டு இன்ஸ்பெக்டர், டைப் பண்றவர் ஒருத்தர், மொழிபெயர்ப்பாளர் ஒருத்தர், நடுவுல பையன். ஒரு நாள் இல்ல, ரெண்டு மூணு நாள்கூட நடக்கும், நூத்துக்கணக்குல கேள்வி. உங்க வீட்டுக்கு எத்தனை ஜன்னல்? வாசல்ல எத்தனை படி? அரிசி வெக்கிற பானை எங்க இருக்கும்? கிணறு வீட்டுலேர்ந்து எவ்வளவு தூரம்? உங்க வரிசைல மூணாவது வீடு யாரோடது, அவருக்கு எத்தனை பிள்ளைங்க? பாட்டி எப்ப செத்தாங்க, எங்க புதைச்சாங்க? இதே கேள்வியை ஏற்கெனவே அமெரிக்காவுல இருக்குற அப்பன்கிட்ட, அண்ணன்கிட்ட தனியா கேப்பாங்க. ரெண்டு பதிலும் ஒத்துப் போகலைன்னா பையன் பொய் சொல்றான்னு அர்த்தம், திருப்பி அனுப்பு. வாஷிங்டனுக்கு அப்பீல் பண்ணலாம், வக்கீல் வெக்கணும், அதுக்கும் மாசக்கணக்கு ஆகும்.

வெளிய வந்து, வளைகுடாவைப் பாத்த மாதிரி ஒரு பெஞ்ச்சுல உக்காந்து, கொண்டு போன புளியோதரையைத் திறந்தோம். நான் சும்மாதான் கேட்டேன்.

"அப்பா, நம்ம வீட்டு வாசல்ல எத்தனை படி?"

"அஞ்சு." யோசிக்கவே இல்ல.

"நாலுப்பா. ஒவ்வொரு பொங்கலுக்கும் காவி அடிச்சது நான்தானே, எனக்குத் தெரியாதா?"

"அஞ்சும்மா. நான் பொறந்த வீடு அது. மழைக்காலத்துல தெருவுல தண்ணி போனா ரெண்டு படி முங்கும், மூணு படி வெளிய நிக்கும்."

சரி, நெல்லு குதிர் எங்க இருந்துச்சுன்னு கேட்டேன். தாவாரத்துல மேலண்டப் பக்கம்னாரு. எனக்கு உள் ரூம் இருட்டுதான் ஞாபகம், அதுக்குள்ள ஒளிஞ்சு விளையாடியிருக்கேன். நம்ம வரிசைல மூணாவது வீடு? செட்டியார் வீடுன்னாரு, நான் போஸ்ட் மாஸ்டர் வீடுன்னேன். கிணத்துக்குப் பக்கத்துல இருந்தது வேம்பா முருங்கையான்னு அதுலயும் ஒத்துப் போகல. புளியோதரை டப்பா மடியிலயே இருந்துச்சு, ரெண்டு பேரும் சாப்பிடல. ஒரே வீட்டுல 20 வருஷம் ஒண்ணா இருந்த அப்பனும் மகளும், கேட்டதுல ஒண்ணுகூட தேறல.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட கேட்டேன். அம்மா சிரிச்சாங்க. "குதிரா? குதிர் நான் வாக்கப்பட்டு வர்றதுக்கு முன்னாடியே உடைஞ்சு போச்சே, நீ ஒளிஞ்சு விளையாண்டது பத்தாயம்டி." செட்டியார் குடும்பம் வித்துட்டுப் போனப்புறம் அந்த வீட்டுக்குத்தான் போஸ்ட் மாஸ்டர் குடி வந்தாராம். படி? "நாலோ அஞ்சோ, நான் என்ன எண்ணிக்கிட்டா ஏறினேன்"ன்னாங்க. ஊர்ல தம்பிக்கு வாட்ஸ்அப்ல கேட்டு விட்டேன், அங்க விடிஞ்சதும் ஃபோட்டோ அனுப்பினான். மூணு படி. "மூணுதான்க்கா இருக்கு. தெருவுல சிமென்ட் ரோடு போடுறப்பல்லாம் உசத்திக்கிட்டே வந்தாங்க, ஒண்ணு ஒண்ணா உள்ள போயிருச்சு"ன்னு எழுதியிருந்தான்.

அந்த ஃபோட்டோவை வெச்சுக்கிட்டு நான் அப்படியே உக்காந்துட்டேன். அப்பா சொன்ன அஞ்சும் சரி. நான் சொன்ன நாலும் சரி. தம்பி அனுப்பின மூணும் சரி. மூணு பேருமே பொய் சொல்லல, ஆனா எங்க மூணு பேரையும் தனித்தனியா ஒரு டேபிள் முன்னாடி உக்கார வெச்சுக் கேட்டிருந்தா மூணு பேருமே பொய்யர்ங்கதான். ஏஞ்சல் ஐலண்டுக்கு வந்த பையனுக்கு 14, 15 வயசு இருக்கும், அவங்க அப்பன் சான் ஃபிரான்சிஸ்கோவுல லாண்டரி வெச்சு பத்து இருபது வருஷம் ஆகியிருக்கும், இடைல ஒரு தடவையோ ரெண்டு தடவையோ ஊருக்குப் போயிருப்பாரு. அப்பன் சொல்ற ஊரும் பையன் சொல்ற ஊரும் எப்படி ஒண்ணா இருக்கும்? உண்மையான அப்பனும் உண்மையான பிள்ளையும்தான் அந்தக் கேள்விகள்ல மாட்டுவாங்க. தப்பில்லாம பதில் சொன்னது யாருன்னா, ஒரே நோட்டைப் படிச்சு மனப்பாடம் பண்ணினவங்க.

அதனாலதான் உண்மையான பிள்ளைங்களும் மனப்பாடம் பண்ணினாங்க. பதில் எழுதின நோட்டை ஊர்லேர்ந்தே கொண்டு வந்து, கப்பல்ல படிச்சு, கரை தெரியுறதுக்குள்ள கடல்ல தூக்கிப் போட்டாங்க. உள்ள மாட்டினப்புறம் ஏதாவது பதில் மாறிப் போனா, சமையக்கட்டு ஆளுங்க மூலமா சீட்டு வரும், வேர்க்கடலைத் தோலுக்குள்ள, வாழைப்பழத்துக்குள்ள. பேப்பர் பிள்ளைங்க வந்த கதையும் இப்படித்தான், 1906-ல சான் ஃபிரான்சிஸ்கோவுல நிலநடுக்கம் வந்து, தீப்பிடிச்சு, சிட்டி ஹால்ல இருந்த பிறப்புப் பதிவெல்லாம் எரிஞ்சு போச்சு. நான் இங்கதான் பொறந்தேன்னு ஒருத்தன் சொன்னா இல்லேன்னு காட்ட ஆதாரம் இல்ல. குடிமகன் ஆனவன் சீனாவுக்குப் போய்ட்டு வந்து, எனக்கு ஒரு மகன் பொறந்திருக்கான்னு பதிஞ்சு வெச்சா, அந்த இடத்துல பின்னாடி யாராவது ஒரு பையன் வரலாம். முன்வாசலைச் சட்டம் போட்டு சாத்தினப்புறம் அவங்களுக்கு இருந்த சந்து அது ஒண்ணுதான்.

பெஞ்ச்சுல உக்காந்திருந்தப்ப அப்பா ஒண்ணு சொன்னாரு, அதை இன்னும் சொல்லல. சீட்டு, நோட்டு, மனப்பாடம் எல்லாம் நான் விளக்கிட்டு இருந்தேன், அவரு தண்ணியைப் பாத்துக்கிட்டே, "நீ எங்களுக்கு அனுப்பினியே ஒரு பேப்பரு, அது மாதிரிதானேம்மா"ன்னாரு. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. அவங்க விசிட்டர் விசாவுக்கு சென்னைல இன்டர்வியூ போறதுக்கு முன்னாடி நான் 40 கேள்வியும் பதிலும் டைப் பண்ணி அனுப்பினேன். மக எந்த கம்பெனில இருக்கா, வீட்டு அட்ரஸ் என்ன, மாப்பிள்ளைக்கு என்ன வேலை, எப்ப திரும்புவீங்க, ஊர்ல என்ன சொத்து இருக்கு. அப்பா அதை நோட்டுல கையால காப்பி பண்ணி, ஒரு வாரம் காலைலயும் சாயங்காலமும் அம்மாவை உக்கார வெச்சுக் கேள்வி கேட்டு ஒப்பிக்க வெச்சிருக்காரு. அதுல இருந்த ஒவ்வொரு பதிலும் உண்மை. இருந்தாலும் மனப்பாடம் பண்ண வெச்சேன், ஏன்னா உண்மையைச் சொன்னா போதும்னு நானே நம்பல. கவுண்டர்ல மூணே கேள்வி கேட்டு ரெண்டு நிமிஷத்துல அனுப்பிட்டாங்க. ஆனா மாப்பிள்ளையோட கம்பெனி பேரை அம்மா தடுமாறாம சொல்லணுமேன்னு நான் இங்க ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டு இருந்தேன், அது எனக்கு இன்னும் மறக்கல.

நம்ம ஆளுங்க

சட்டப்படி வந்தோம்னு அந்த அக்கா சொன்னதுக்கு வர்றேன். அந்த 30 வருஷத்துல ஏஞ்சல் ஐலண்ட்ல அதிக விகிதத்துல திருப்பி அனுப்பப்பட்டது சீனாக்காரங்க இல்ல, இந்தியாக்காரங்க. பெரும்பாலும் பஞ்சாப்லேர்ந்து வந்த சீக்கிய விவசாயிங்க, இங்கத்த பத்திரிகைங்க அவங்களை எல்லாம் "இந்து"ன்னு எழுதி, படையெடுத்து வர்றாங்கன்னு பயமுறுத்திட்டு இருந்துச்சு. சீனாக்காரங்களுக்கு இருந்த மாதிரி இந்தியாக்காரங்களைத் தடுக்க அப்ப தனிச் சட்டம் இல்ல. சட்டம் இல்லாட்டி என்ன, காரணம் கிடைச்சுது. அரசாங்கத்துக்குப் பாரமா ஆயிருவான்னு எழுதலாம். இல்ல கொக்கிப்புழு இருக்குன்னு எழுதலாம். 1910-லேர்ந்து கொக்கிப்புழுவை ஆபத்தான தொத்து வியாதி லிஸ்ட்ல சேத்து, ஆசியாலேர்ந்து வந்தவங்களோட மலத்தை டெஸ்ட் பண்ணினாங்க. வெறுங்கால்ல சேத்துல நடக்குறவனுக்கு உள்ளங்கால் வழியா ஏறுற புழு அது. டெல்டால வயல்ல இறங்கின எந்தக் குடும்பத்துக்கு அது வராம இருந்துச்சு? அப்பாகிட்ட இதைச் சொன்னப்ப, ஸ்கூல்ல வரிசைல நிக்க வெச்சு பிள்ளைங்களுக்குப் பூச்சி மாத்திரை குடுத்ததைச் சொன்னாரு, முதல் மாத்திரை சாரு போட்டுக் காட்டினாத்தான் பிள்ளைங்க போடுமாம்.

அப்புறம் 1917-ல சட்டமும் வந்துச்சு, ஆசியால ஒரு பெரிய பரப்பைக் கோடு போட்டு இதுக்குள்ளேர்ந்து யாரும் வரக்கூடாதுன்னாங்க, இந்தியா முழுசும் அதுக்குள்ள. அதுக்கு முன்னாடி 1915 செப்டம்பர்ல வந்த ஒரு குடும்பத்தைப் பத்தி நான் அடிக்கடி நினைக்கிறேன். பெஷாவர்லேர்ந்து வைஷ்ணோ தாஸ் பகாய், அவர் மனைவி கலா பகாய், மூணு பையன். கைல 25,000 டாலர் இருந்துச்சு, அந்தக் காலத்துல பெரிய பணம், அப்படியும் ஏஞ்சல் ஐலண்ட்ல நிறுத்தினாங்க. வெளிய வந்தப்ப உள்ளூர் பத்திரிகைல ஃபோட்டோவோட செய்தி, கலா அம்மா போட்டிருந்த வைர மூக்குத்தியைப் பத்தி. இந்த ஊருக்கு வந்த புது ஃபேஷன்னு எழுதினாங்க. பெர்க்லில வீடு வாங்கி, சாமான் வண்டியோட போயி இறங்கினா, அக்கம்பக்கத்துக்காரங்க வீட்டைப் பூட்டி வெச்சு உள்ள விடல. சான் ஃபிரான்சிஸ்கோவுல கடை வெச்சாரு, 1921-ல குடியுரிமை வாங்கினாரு. 1923-ல, பகத் சிங் திந்த்னு ஒரு பஞ்சாபிக்காரரோட குடியுரிமை வழக்குல, இந்தியர்கள் வெள்ளைக்காரங்க இல்ல, குடியுரிமைக்குத் தகுதி இல்லேன்னு சுப்ரீம் கோர்ட் சொன்னதும், குடுத்த குடியுரிமையைப் பிடுங்கிட்டாங்க. சொத்து வெச்சுக்க முடியல. ஊருக்குப் போய்ட்டு வர பாஸ்போர்ட் கேட்டா பிரிட்டிஷ் பிரஜையா போன்னாங்க. அந்த பிரிட்டிஷ் ஆட்சி வேண்டாம்னுதான் அவரு கிளம்பி வந்ததே. 1928-ல உயிரை மாய்ச்சுக்கிட்டாரு, ஏன்னு ஒரு கடிதம் எழுதி வெச்சுட்டு, அது பத்திரிகைல வந்துச்சு.

அந்த மனுஷன் எந்தப் பொய்ப் பேப்பர்லயும் வரல. வரிசைல நின்னாரு, சட்டப்படி வந்தாரு, சட்டப்படி குடிமகன் ஆனாரு. சட்டம்தான் அவரை விட்டு நகர்ந்து போச்சு. கலா அம்மா மூணு பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு இங்கயே நின்னாங்க, 1946-ல இந்தியர்களுக்குக் குடியுரிமை திறந்தப்புறம் குடிமகள் ஆனாங்க, 1983 வரைக்கும் இருந்தாங்க. அவங்களை வீட்டுக்குள்ள விடாத அதே பெர்க்லில இப்ப ஒரு தெருவுக்கு அவங்க பேரு, கலா பகாய் வே. அந்த 1946 சட்டத்துல இந்தியாவுக்குக் குடுத்த ஒதுக்கீடு வருஷத்துக்கு 100 பேர். 1965-ல அந்தப் பழைய நாட்டுவாரி ஒதுக்கீட்டை எடுத்ததாலதான் நம்ம ஆளுங்க டிகிரியைத் தூக்கிட்டு வர முடிஞ்சுது. 1920-ல நம்ம ஆளு ஒருத்தர் எவ்வளவு நல்லாப் படிச்சிருந்தாலும் எந்த வரிசைல நின்னிருப்பாரு?

ஞாபகம் வெச்சது யாரு

நிலையத்தை மூடினப்புறம் யுத்தக் கைதிங்களை வெச்சிருந்தாங்க, அப்புறம் ராணுவம் போச்சு, மாநிலப் பூங்கா ஆச்சு, அந்த பாரக்ஸை இடிச்சுடலாம்னு முடிவு. 1970-ல அலெக்சாண்டர் வைஸ்னு ஒரு பூங்கா ரேஞ்சர், அவரே சின்ன வயசுல ஆஸ்திரியாலேர்ந்து வந்த யூதக் குடும்பம், டார்ச் அடிச்சுக்கிட்டு உள்ள போயி அந்த எழுத்துங்களைப் பாத்தாரு. மேலிடத்துல சொன்னாரு, அவங்க கண்டுக்கல. விடாம சான் ஃபிரான்சிஸ்கோ ஸ்டேட் யுனிவர்சிட்டில தனக்குப் பாடம் எடுத்த ஜார்ஜ் அராக்கிகிட்ட சொன்னாரு, அவரு ஃபோட்டோ எடுக்குறவரைக் கூட்டிட்டு வந்தாரு, செய்தி பரவி, உள்ள இருந்துட்டுப் போனவங்களோட பிள்ளைங்களும் பேரப்பிள்ளைங்களும் சேந்து போராடினாங்க. 1976-ல கட்டடத்தைக் காப்பாத்த மாநிலம் 2,50,000 டாலர் ஒதுக்குச்சு. 1983-ல மக்களுக்குத் திறந்தாங்க, 1997-ல தேசிய வரலாற்றுச் சின்னம், 2010-ல நூறாவது வருஷத்துக்கு ஒபாமா ஜனவரி 21-ஐ ஏஞ்சல் ஐலண்ட் தினம்னு அறிவிச்சாரு, எரியாம நின்ன ஆஸ்பத்திரிக் கட்டடத்தையும் 2022-ல மியூசியமாத் திறந்தாங்க.

ஆனா எனக்குப் பெருசாப் படுறது வேற. அங்க இருந்துட்டு வந்தவங்கள்ல நிறைய பேர் சொந்தப் பிள்ளைங்ககிட்டகூட அந்தத் தீவைப் பத்திப் பேசினது இல்ல. பேச பயம். பேப்பர் பேரு வெளிய தெரிஞ்சா தன்னை மட்டும் இல்ல, மொத்தக் குடும்பத்தையும் அனுப்பிருவாங்க. வீட்டுக்குள்ள ஒரு பேரு, வெளிய ஒரு பேரு. 1956-லேர்ந்து அரசாங்கம் பொய்ப் பேர்ல வந்ததை ஒப்புக்கொள்ளுங்கன்னு ஒரு திட்டம் கொண்டு வந்து, 13,000-க்கு மேல ஆளுங்க ஒப்புக்கிட்டாங்க, ஒருத்தர் ஒப்புக்கிட்டா சம்பந்தப்பட்ட எல்லாரும் மாட்டுவாங்கன்னு வாயே திறக்காம போய்ச் சேந்தவங்களும் உண்டு. சில கல்லறைல இங்கிலீஷ்ல பேப்பர் பேரும், சீன எழுத்துல சொந்தப் பேரும் இருக்கும். இனிமே யாரும் திருப்பி அனுப்ப முடியாதுங்குற இடத்துல போயித்தான் சொந்தப் பேரை எழுதிக்கிட்டாங்க. அந்த விசாரணை ஃபைலுங்க இன்னிக்கும் சான் ப்ரூனோல தேசிய ஆவணக் காப்பகத்துல இருக்கு, பேரன் பேத்திங்க போயி எடுத்துப் படிக்கிறாங்க. தாத்தா 14 வயசுல ஒரு டேபிள் முன்னாடி உக்காந்து சொன்ன கிணறு, ஜன்னல், படி எல்லாம் டைப் அடிச்சு வரிசையா இருக்கு. அதுல எது உண்மை, எது மனப்பாடம்னு பிரிக்கிறதுக்குத் தாத்தா இல்ல.

அந்த அக்காவை லிவர்மோர் கோயில்ல பாத்தப்ப இதெல்லாம் சொன்னேன். அன்னிக்குத் தலையாட்டினது தப்புக்கா, நான் அப்படி நினைக்கலன்னு சொன்னேன். பொறுமையாக் கேட்டாங்க. "நீ சொல்றது புரியுதும்மா, ஆனா நாம நிக்கிற இந்தக் கியூவுக்கு யாரு பதில் சொல்றது?"ன்னு கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்ல. எனக்கும் அந்த வலி இருக்கு. அந்தக் கோவத்தைச் சுவத்துல எழுதின பையன் மேல காட்டக்கூடாதுங்குறதுல மட்டும் நான் தெளிவா இருக்கேன்.

அப்பா ஊருக்குத் திரும்பறதுக்கு நாலு நாள் முன்னாடி தம்பிகிட்டேர்ந்து இன்னொரு ஃபோட்டோ வந்துச்சு. அப்பா ஃபோன்ல என்னமோ சொல்லியிருக்காரு போல, அவன் மம்முட்டி எடுத்து மூணாவது படிக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருந்த மண்ணைத் தோண்டியிருக்கான். ஈர மண்ணுக்குள்ள ஒரு படியோட விளிம்பு, அதுல மங்கலா ஒரு காவிக்கோடு, நான் அடிச்சதாத்தான் இருக்கணும். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, ஃபோனைக் கிட்ட வெச்சு, ரெண்டு விரலால பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்தாரு.

"கீழ இன்னொண்ணு இருக்கு, அவனை நிறுத்தாம தோண்டச் சொல்லு"ன்னாரு.